இப்பதான் சாப்பிட்டவை

நிலாணி அன்றைக்கு இரண்டு முதலைக்குட்டிகளைக் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டிருந்தாலும் சண்முகலிங்கம் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். மகள் அவரோடு பேசி இரண்டு வருசம். இரண்டு வருசத்துக்குப் பிறகு போனில் "அப்பா" என்று ஒரு குரல் கேட்டால் எந்த மனுசனுக்குப் புத்தி வேலை செய்யும்? அவள் கேட்டது பாம்பைத்தான். பென்சில் மொத்தத்தில், விசம் இல்லாத, முட்டையிலிருந்து வந்து ஒரு மாதமும் ஆகாத இரண்டு குஞ்சுகள்.

"கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பியளோ அப்பா? மாக்கஸின்ர அம்மா வந்து நிக்கிறா. பாம்பு இருக்கிற வீட்டில பச்சைத்தண்ணியும் குடிக்க மாட்டாவாம்."

"அனுப்பிவிடு பிள்ளை. உதெல்லாம் ஒரு கேள்வியே?"

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தபடி நின்றார். பிறகுதான், "ஐயோ, பாம்பெல்லோ!" என்று தலையில் கைவைத்தார்.

அந்த இரண்டு வருசத்துக்கு வேறு ஆரும் காரணமில்லை, இந்த மனுசன்தான். மாக்கஸ் மன்னார்ப் பக்கத்து வேதக்காரப் பெடியன். குணத்தில் ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் கலியாணம் சேர்ச்சில் என்றவுடன், கோயில் நிர்வாகத்தில் இருக்கிற நான் சேர்ச் வாங்கில் போய்க் குந்துகிறதோ என்று ஒற்றைக்காலில் நின்றார். போகவில்லை. அவர் மனைவி சந்திரவதனா மட்டும் போய், கடைசி வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, படம் எடுக்கக் கூப்பிடுவதற்குள் மல்வேர்னில் இருக்கிற வீட்டுக்கு பஸ் எடுத்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நிலாணி தாயோடு மட்டும்தான் பேசுவாள். தப்பித்தவறி இவர் போனை எடுத்தால், "அம்மாட்டைக் குடுங்கோ" என்பாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே அழிந்தபோது அவள் தாயிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஆரோ ஒரு பெண் துக்கம் விசாரிக்க வந்துதான் இவர்களுக்கே தெரியும். அன்றைக்குச் சண்முகலிங்கம் சாமி கும்பிடாமலே வீட்டுக்குத் திரும்பினார்.

இப்போது இரண்டாவது. நாலாம் மாதம். எழும்பி நடக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மார்க்கம் நகரில் அவர்களுடைய கொண்டோவில் மாக்கஸின் தாய் வந்து நின்று பார்க்கிறா. "அம்மா இப்ப வரவேண்டாம். வந்தா அழுவா, அவ அழுதா நானும் அழுவன்" என்று நிலாணி சொல்லிவிட்டாள். அதனால் சந்திரவதனா சமைத்துக் கட்டிக் கொடுப்பாள், சண்முகலிங்கம் காரில் கொண்டுபோய்க் கீழே லொபியில் மாக்கஸின் கையில் கொடுத்துவிட்டு வருவார். மேலே வாங்கோ மாமா என்று அவனும் கேட்பான். இன்னொரு நாளைக்கு என்று இவரும் சொல்வார்.

அப்படிப்பட்ட மகள் தன்னை நம்பி இரண்டு சீவனைத் தருகிறாள். இதுகளை நல்லபடி வளர்த்துத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி மேலே போகலாம், மகளின் முகத்தைப் பார்க்கலாம் என்று சண்முகலிங்கம் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

மாக்கஸ் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடும் அதற்குக் கீழே வைக்கிற மின்சாரச் சூட்டுப் பாயோடும் வந்தான். பெட்டிக்குள் கிழித்துப் போட்ட கடதாசிக்கு நடுவில் ஒன்று சிவப்பாக, மற்றது வெளிறிய மஞ்சளாகச் சுருண்டு கிடந்தன. சிவப்புக்குப் பெயர் சம்பல். மஞ்சளுக்குச் சொதி. இடியப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிற இரண்டின் பெயரை வைத்தது நிலாணிதான், வேறு ஆருக்கு அந்தக் குறும்பு வரும்?

சந்திரவதனா கத்தப் போகிறாள் என்று இவர் பயந்துகொண்டு நின்றார். அவள் எட்டி நின்று பார்த்துவிட்டு, "பாவம், நூல் மாதிரிக் கிடக்குதுகள். இதுகள் என்ன சாப்பிடுங்கள்?" என்றாள்.

மாக்கஸ் பையிலிருந்து உறைந்துபோன ஒரு பொட்டலத்தை எடுத்தான். மயிர்கூட முளைக்காத எலிக்குஞ்சுகள், சுண்டுவிரல் நுனியளவில், இளஞ்சிவப்பாக.

அன்றைக்கு நல்லூர்க் கொடி.

நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறினால், இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம் முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை பட்ட கேக் ஒன்றும் வாசல் தாண்டக் கூடாது. யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் அப்படித்தான், கனடாவுக்கு, மல்வேர்னுக்கு வந்த பிறகும் அப்படித்தான். இந்த முறை அதற்கு மேலே, நிலாணியின் வயிற்றில் இருக்கிறது தங்க வேண்டும் என்று சந்திரவதனா நேர்த்தி வைத்து, ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் தொடங்கியிருந்தாள். தலைமுழுகி, திருநீறு பூசி, சாமியறையில் விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். வந்தவளின் கண்ணுக்கு முன்னால் எலி.

"தம்பி கோவிக்காதேங்கோ," என்றாள் மருமகனிடம். "பாம்பு இருக்கட்டும், அதுகும் ஒரு சீவன். உது மட்டும் உள்ள வரக்கூடாது. அவளுக்காகத்தான் விரதம் பிடிக்கிறன், தெரியுந்தானே?"

மாக்கஸ் மாமனாரைப் பார்த்தான். "நான் பாக்கிறன், நான் பாக்கிறன்," என்றார் இவர்.

"மாமா, ரெண்டு பேரும் இன்னும் முதல் சாப்பாடே எடுக்கேல்லை. குஞ்சுகள் முதல்ல கொஞ்சம் பஞ்சிப்படுங்களாம். ஒருக்கா எடுத்திட்டினமெண்டாப் பிறகு பயமில்லை, கிழமைக்கு ஒண்டு காணும்."

எலிப் பொட்டலம் பக்கத்து வீட்டு யோசப்பின் ஃப்ரீசருக்குப் போனது. யோசப் தீவுப் பக்கத்து ஆள், வேதக்காரன், அவனுக்குக் கொடியும் இல்லை விரதமும் இல்லை. "எலியோ அண்ணை? அதுக்கென்ன, திருக்கைக்குப் பக்கத்தில கிடக்கட்டும். என்ர மனிசிக்கு மட்டும் மூச்சு விட்டிடாதேங்கோ," என்றான். பாம்புகள் பேஸ்மென்றில் சூட்டுப் பாயில் இருந்தன. சாப்பாடு கராஜில். இதுதான் ஏற்பாடு. தன் மூளையை நினைத்து அன்றைக்குச் சண்முகலிங்கம் மெச்சிக்கொண்டதை இங்கே சொல்லாமல் விட ஏலாது.

பாண் ஃபக்டரியில் விடியக்காலை வேலை முடித்து, பின்னேரம் வீட்டுக்கு வருவார். பேஸ்மென்றிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி, பக்கக் கதவால் கராஜுக்குப் போய், பனிக்காலக் கார் ரயர்களின் மேல் வைப்பார். குசினியிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒரு பழைய சில்வர்க் கோப்பையில் சுடுதண்ணீர் விட்டு எலிக்குஞ்சை இளக்குவார். சாமணத்தால் அதன் முதுகைப் பிடித்து, உயிரோடு அசைவதுபோல மெல்ல ஆட்டுவார். சம்பல் தலையைத் திருப்பும். சொதி கடதாசிக்குக் கீழே போய்விடும்.

"சாப்பிடு ராசா. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

ராசா வாயைத் திறக்காது. இவர் வாயைத் திறந்து காட்டுவார். பிள்ளைக்குச் சோறு தீத்துகிற எல்லாத் தகப்பன்மாரும் செய்கிறதுதானே. கடைசியில் எலிக்குஞ்சு குளிர்ந்து, சாம்பல் நிறமாகி, ரோசாச் செடிக்கு அடியில் புதைபடும். பெட்டி மறுபடி படி இறங்கும். சண்முகலிங்கம் நேரே குளியலறைக்குப் போக வேண்டும்.

"தலைக்கு வாக்காமல் குசினிக்குள்ள வந்திடாதேங்கோ!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

தினம் ஆயிரக்கணக்கில் பாண் சுட்டு ஊருக்கு அனுப்புகிற மனுசனுக்கு, இரண்டு நூல் பாம்புக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியவில்லை.

முதல் முறை தோற்ற அன்றைக்கே நிலாணி போன் எடுத்தாள். "சாப்பிட்டவையோ அப்பா?"

இல்லைப் பிள்ளை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் படுத்திருக்கிறாள், மனம் நொந்தால் ரத்த அழுத்தம் ஏறும், நாளைக்கு எப்படியும் அதுகள் சாப்பிட்டுவிடுங்கள்தானே என்று ஒரு நொடியில் ஓடியது. "ஓம் பிள்ளை. இப்பதான் சாப்பிட்டவை."

"ரெண்டு பேருமோ?"

"ரெண்டு பேரும். சம்பல் ஒரே இழுவை."

"ஓ மை கோட்! குட் ஜொப் அப்பா!"

மகளின் வாயால் அப்படியொரு வார்த்தையை அவர் கேட்டு எவ்வளவு காலம்! அதை இழக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? "நீ சாப்பிட்டனியோ?" என்று திருப்பிக் கேட்டார். "ஓம் அப்பா, நானும் இப்பதான்," என்றாள். "பிள்ளை?" "நல்லா இருக்கிறார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போன் வந்தது. தாய்க்கு அல்ல, இவருக்கு. இவர் சாப்பாட்டுப் பெட்டியோடு ஃபக்டரிக் கன்ரீனில் இருக்கும்போது வரும், கார் ஓட்டும்போது வரும். ஒரே கேள்வி, ஒரே பதில். சாப்பிட்டவையோ? இப்பதான் சாப்பிட்டவை. நீ? நானும் இப்பதான். வைத்த பிறகு கொஞ்ச நேரம் இவருக்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். பின்னேரம் கராஜில் பெட்டியைத் திறக்கும்போதுதான் பகீரென்னும்.

யோசப் ஒரு யோசனை சொன்னான். "மணம் காணாது அண்ணை. கருவாட்டில நல்லா உரசிப்போட்டுக் குடுங்கோ, பிறகு பாருங்கோ." தானே ஒரு கட்டாக் கருவாட்டைக் கொண்டுவந்து உரசியும் கொடுத்தான். கராஜ் முழுக்க நாறியது. சம்பல் ஒருமுறை நாக்கை நீட்டி மணந்து பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் பாய்ந்து பெட்டிச் சுவரில் மோதியது. "உப்புக் கூடிப்போச்சு போல," என்று யோசப் கருவாட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்குச் சண்முகலிங்கம் இரண்டு முறை முழுக வேண்டியிருந்தது.

ஸ்காபரோ பிளாசா ஒன்றில் பிராணிகள் விற்கிற கடைக்குப் போனார். அங்கே செலீன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பிள்ளை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். எங்கே வைத்துச் சாப்பாடு கொடுக்கிறீர்கள்? கராஜில். பாம்புகள் இருப்பது? பேஸ்மென்றில். பிறகு ஏன் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்?

இவ்வளவு வருசக் கனடா வாழ்க்கையில் கொடியேற்றத்தை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை. "நாங்கள் விரதம்," என்றார்.

"பாம்புகளுமா?" என்று கேட்டாள் செலீன். அவள் பகிடி பண்ணவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாம்புக்குஞ்சைத் தூக்கி அலைக்கக் கூடாது, பயந்த பாம்பு சாப்பிடாது. இருக்கிற இடத்திலேயே, சூடாக, இருட்டாக, சத்தமில்லாமல் வைக்க வேண்டும். இளக்கின எலிக்குஞ்சை உள்ளே விட்டு மூடிவிட்டுப் போய்விட வேண்டும். அடுத்த நாள் வரைக்கும் எட்டிப் பார்க்கவே கூடாது. "நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் அது சாப்பிடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டியது," என்றாள்.

சண்முகலிங்கம் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றார். சந்திரவதனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேர். பாம்பு இருக்கிற இடத்திலதானாம் சாப்பாடு வைக்கோணும். வீட்டுக்குள்ள."

துருவிய கை நின்றது. "என்னட்ட அதைக் கேளாதேங்கோ."

"பேஸ்மென்றிலதானே, ஒரு மூலையில..."

"சாமியறைக்கு நேர கீழப்பா பேஸ்மென்ற்." அவள் குரல் உடைந்தது. "போன முறை ஒண்டும் செய்யாமல் இருந்திட்டன். எனக்குத் தெரியாதே, தெரிஞ்சிருந்தா ஒரு நேர்த்தியாவது வச்சிருப்பன். இந்த முறை தெரிஞ்சுகொண்டு ஒரு பிழை விட ஏலுமே? தீர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே. அதுவரைக்கும் பொறுக்க மாட்டுதுகளோ?"

"அதுகள் பொறுக்குங்கள்," என்றார் இவர். வேறென்ன சொல்வார்? நிலாணியின் பாம்பு பிழைக்க, நிலாணியின் பிள்ளைக்காக வைத்த நேர்த்தியை உடை என்று எந்த வாயால் கேட்பது? உடைத்த பிறகு அங்கே ஏதாவது நடந்தால், சாகும்வரைக்கும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஏலுமா?

ஆகவே இரண்டுங்கெட்டானாக ஒன்று செய்தார். பெட்டியையும் சூட்டுப் பாயையும் கராஜிலேயே வைத்து, நீள வயர் இழுத்துக் கொடுத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு, எலிக்குஞ்சை உள்ளே விட்டுவிட்டு வந்தார். பார்க்கக் கூடாது. எட்டிப் பார்க்கவே கூடாது. கார்த் திறப்பை மறந்துவிட்டேன் என்று ஒருமுறை போனார். கராஜ் லைட் எரிகிறதோ என்று இன்னொரு முறை போனார். போனவர் போர்வை நுனியைத் தூக்காமல் வருவாரா? சாப்பிட்டுதோ இல்லையோ என்று பாராமல் இருக்க அந்த மனுசனை ஆரும் பழக்கவில்லை. அவர்கள் வீட்டில் பாசம் என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறதுதான். காலையில் எலிக்குஞ்சு போட்ட இடத்திலேயே கிடந்தது. அடுத்த முறையும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொதி செத்துக் கிடந்தது.

செத்தது என்று சொல்லக்கூட ஒன்றும் பெரிதாக இல்லை. கடதாசிக்கு மேலே ஒரு மஞ்சள் நூல். கையில் எடுத்தார், பாரமே இல்லை. அதன் முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. "என்ர ராசா," என்றார். கராஜ் நடுவில் நின்று, அறுபது வயது மனுசன், ஒரு பாம்புக்குஞ்சுக்காக வாய்விட்டு அழுதார். பாம்புக்காக மட்டும்தான் அழுதாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ரோசாச் செடிக்கு அடியில், இத்தனை நாளும் எலிக்குஞ்சுகளைப் புதைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குழி தோண்டினார். நிமிர்ந்தபோது குசினி யன்னலில் சந்திரவதனா நின்றாள். இவர் உள்ளே வந்தபோது துவாய் கதவில் தொங்கியது, தலைக்கு வார்க்கச் சுடுதண்ணீரும் வைத்திருந்தாள்.

"சாப்பிட்டவையோ அப்பா?" என்றாள் நிலாணி அன்றைக்கும்.

"ஓம் பிள்ளை. இப்பதான்."

"ரெண்டு பேருமோ?"

"ரெண்டு பேரும்."

செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது அவள் குரல் நித்திரைத் தூக்கத்தில் வருவதுபோல் இருந்தது. பின்னால் ஆரோ ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். என்ன சத்தம் பிள்ளை என்று கேட்டார். ரிவி அப்பா என்றாள். சாப்பிட்டனியோ என்று கேட்டார். ஓம், இப்பதான் என்றாள். அன்றைக்குப் பாம்பைப் பற்றிக் கேட்க மறந்துபோய் வைத்துவிட்டாள். இவருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது, இன்றைக்கு ஒரு பொய் மிச்சம்.

புதன் இரவு, ஊரில் விடிகிற நேரத்துக்கு, நல்லூர்த் தேரை ரிவியில் நேரடியாகப் பார்த்தார்கள். சந்திரவதனா எழும்பி நின்று கும்பிட்டாள். இனி அடுத்த நாள் இதே நேரத்துக்குத் தீர்த்தம். அது முடிந்தால் விரதம் முடிந்தது. எல்லாம் சரி, சம்பல் அதுவரைக்கும் தாக்குப் பிடிக்குமா என்பதுதான் இவருடைய நினைப்பு. அதன் தோல் தளர்ந்து பக்கவாட்டில் மடிப்பு விழத் தொடங்கியிருந்தது.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து நேரே கராஜுக்குப் போனார். ரயர்களின் மேல் பெட்டி இல்லை. வயரும் இல்லை. பேஸ்மென்றுக்கு ஓடினார், அங்கேயும் இல்லை. போச்சு, அதுவும் போச்சு, அவளே எடுத்துப் புதைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சப்பாத்துக் காலோடு மேலே ஏறினார்.

மாடிப்படியின் கடைசிப் படியில் சந்திரவதனா இருந்தாள். அவளுக்குப் பின்னால் நிலாணியின் பழைய அறை, கதவு ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தியிருந்தது. இவரைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதேங்கோ," என்று குசுகுசுத்தாள். "சாப்பிடுறான்."

இவருக்கு விளங்கவில்லை.

"யோசப் வீட்ட போனன். அவன்ர மனிசிதான் கதவு திறந்தவ. ஃப்ரீசரில எங்கட எலி கிடக்குது, ஒண்டு தாங்கோ எண்டன். அந்த மனிசி போட்ட சத்தத்துக்கு ஆம்புலன்ஸ் வராதது புதினம்." சிரிப்பும் அழுகையுமாக முகத்தைத் துடைத்தாள். "நான் தேத்தண்ணி குடிக்கிற கப்பிலதான் இளக்கினனான். யன்னல் சீலையை இழுத்து விட்டிட்டு, பிள்ளையின்ர கட்டிலுக்குக் கீழ பெட்டியை வச்சு, குஞ்சை விட்டிட்டு வந்து இதில இருந்திட்டன். திரும்பியே பாக்கேல்லை. இப்பதான், ஒரே ஒருக்கா, கதவு நீக்கலால பாத்தன். எலியின்ர வால் மட்டும்தான் வெளியில தெரியுது."

"எடியேய்," என்றார் இவர். அவள் பக்கத்தில் படியில் குந்தினார்.

"தீர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே, பொறுக்கட்டும் எண்டுதான் நானும் நினைச்சன். சொதியும் பொறுத்தவன்தானே." அவள் இவருடைய கையைப் பிடித்தாள். "முருகா, உன்ர நேர்த்தியை நான்தான் உடைச்சனான், அவளில்லை, என்னைக் கேள், அவளைக் கேளாதே எண்டு சொல்லிப்போட்டன். கேப்பாரோ? இனி அவளுக்கு ஒண்டெண்டா என்னாலதானப்பா. என்னாலதான்."

"சும்மா இரு. விசர்க் கதை கதையாதே. ஒண்டும் வராது."

அப்போதுதான் அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நிலாணி. பாம்பைக் குழப்பக் கூடாதே என்று போனைப் பொத்திக்கொண்டு கீழே குசினிக்கு இறங்கினார். அவருக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சி. இன்றைக்குத்தான் சொல்வதற்கு ஒரு உண்மை இருந்தது. ஓர் உண்மை கையில் இருந்தால் மற்றதையும் சொல்லலாம் என்று ஒரு தைரியம் வந்தது.

"பிள்ளை, சம்பல் சாப்பிட்டிட்டான். உண்மையா. அம்மாதான் வச்சவ, உன்ர அறையில." மூச்சு விட்டார். "சொதி செத்துப்போச்சு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை. நான் உனக்குப் பொய் சொன்னனான். ரெண்டும் ஒரு நாளும் சாப்பிடேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

"தெரியும் அப்பா," என்றாள்.

"என்னெண்டு தெரியும்?"

"குட்டிப் பாம்பு ஒருக்காச் சாப்பிட்டா ஒரு கிழமைக்கு அடுத்த எலியைத் திரும்பியும் பாராது. நீங்கள் ஒவ்வொரு நாளும் 'இப்பதான் சாப்பிட்டவை' எண்டு சொன்னியள். எவ்ரி சிங்கிள் டே." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "முதல் கிழமையே தெரியும். ஆனா நீங்கள் அப்பிடிச் சொல்லுறது கேக்க நல்லா இருந்தது. அதுக்காகத்தான் எடுத்தனான்."

"நீ சாப்பிட்டனியோ பிள்ளை?" என்றார் சண்முகலிங்கம். எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. வாய்ப் பழக்கம்.

"இல்லை அப்பா."

"ஏன்?"

"செவ்வாய்க்கிழமை ஹொஸ்பிட்டல் போனனாங்கள். ஹார்ட்பீட் இல்லையாம்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "எல்லாம் முடிஞ்சுது அப்பா. நேற்றுத்தான் வீட்ட விட்டவை."

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சந்திரவதனா ஒட்டிவைத்த நல்லூர்க் கந்தன் படம் இருந்தது. சண்முகலிங்கம் விரல்விட்டு எண்ணினார், சின்னப் பிள்ளை மாதிரி. செவ்வாய். எலி உள்ளே வந்தது இன்றைக்கு, வியாழன். செவ்வாய்க்குப் பிறகுதான் வியாழன். சந்திரவதனா விரதம் உடையாமல் ஒரு நேரச் சாப்பாட்டோடு நின்ற அன்றைக்கே அது போய்விட்டது. இந்தக் கணக்கை மேலே படியில் இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், அவள் அதைக் கணக்காக எடுப்பாளா?

"நான் வாறன் பிள்ளை. இப்பவே வாறன். மேல வாறன்."

"வாங்கோ அப்பா." அவள் இப்போது அழுதாள். "அம்மாட்டை இப்ப சொல்லாதேங்கோ. தீர்த்தம் முடியட்டும். அவ எனக்காகத்தானே பட்டினி கிடக்கிறா. விரதம் முடிச்சு ஒரு வாய் சாப்பிடட்டும். பிறகு நானே சொல்லுறன்."

போனை வைத்தார். முகத்தைக் குழாயடியில் கழுவினார். மேசையில் மனைவி தேத்தண்ணீர் குடிக்கிற கப் கவிழ்த்து வைத்திருந்தது, கழுவி, மஞ்சள்தூள் போட்டு மறுபடி கழுவி. கார்த் திறப்பை எடுத்தார். அதற்குள் மேலேயிருந்து சந்திரவதனா, பாம்புக்குக் கேட்காதபடி மெல்லக் குரல் கொடுத்தாள்.

"ஆரப்பா, பிள்ளையோ? சம்பல் சாப்பிட்டதைச் சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"சந்தோசப்பட்டவளோ?"

"ஓம்."

"அவள் சாப்பிட்டவளாமோ?"

சண்முகலிங்கம் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தார். அவள் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவால் குனிந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றார். "இப்பதான் சாப்பிட்டவளாம்."